வன்னியில் உச்சி ஏறுவது எப்படி

இலங்கையின் வடக்குப் பெருநிலமான வன்னியில் உச்சி ஏற ஆசைப்படுகிறவருக்கு முதல் வேலை அந்த உச்சியைக் கண்டுபிடிப்பது. நுவரெலியாவில் இந்தச் சிக்கல் கிடையாது, பிதுருதலாகல 2,524 மீற்றர், நகரத்தில் நின்று நிமிர்ந்தாலே தெரியும். இங்கே ஏ-9 வீதியில் வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரை ஏறத்தாழ 90 கிலோமீற்றர் போனால் மொத்தமாக இறங்குவது 100 மீற்றர் அளவுதான், அதாவது கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் சொச்சம். கண்ணுக்கு அது பிடிபடாது. சைக்கிளில் போகிறவருக்குக்கூடச் சரிவை விடச் சோளகக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுதான் காலில் தெரியும். அதனால்தான் இந்த விளையாட்டு எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. ஏறுவதற்கு இரண்டு நிமிடம், தேடுவதற்கு ஒரு மாரி முழுக்க.

எந்த எல்லைக்குள் தேடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாவட்டம் என்று வைத்துக்கொண்டால் உயரமான இடம் பெரும்பாலும் தெற்கு எல்லைக் காட்டுக்குள் போய் விழும், அங்கே போக அனுமதி வேண்டும், யானையும் நிற்கும். பிரதேச செயலாளர் பிரிவும் பெரிது. நான் சொல்வது கிராம அலுவலர் பிரிவு, எல்லாவற்றிலும் சிறிய நிர்வாக அலகு. நடந்தே சுற்றிவிடலாம், எல்லை எங்கே போகிறது என்று கேட்க ஆளும் இருக்கிறார். அதைவிட முக்கியம், அந்த அளவில் உச்சி எது என்று இதுவரை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வயல்வெளிப் பிரிவை எடுத்தால் அதன் மிகவும் தாழ்ந்த இடத்துக்கும் மிகவும் உயர்ந்த இடத்துக்கும் நடுவே சில மீற்றர்தான் இருக்கும். அதற்குள்தான் போட்டி.

அடுத்தது நிலத்தின் போக்கு. வன்னி ஒரே தட்டை என்று சொல்வது பாதி உண்மை. தெற்கும் கிழக்கும், வவுனியாவும் முல்லைத்தீவின் உட்பகுதியும், மிகப் பழைய கருங்கல் அடித்தளத்தில் இருக்கின்றன. மண் அரித்துப் போன பிறகும் பாறை நின்றுவிட்ட இடங்கள் அங்கே மொட்டை மொட்டையாகக் காட்டுக்குள் எழும்பி நிற்கும். வடக்கும் மேற்கும், பூநகரியிலிருந்து மன்னார்க் கரை வரை, சுண்ணாம்புக்கல்லும் அதன் மேல் செம்மண்ணும் மணலும். அங்கே பாறை தேடி அலைய வேண்டாம், மணல் மேட்டைத் தேடுங்கள். பூநகரியில் மண்ணித்தலைப் பக்கம் போனவர்களுக்கு அந்த மணற்குன்றுகள் தெரியும், காற்று குவித்த மணல், அதனால் இந்த வருடத்து உச்சி அடுத்த வருடமும் அதே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. நடுவில் மாங்குளம், புளியங்குளம் சுற்றுக் காடுகள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அங்கே விழுகிற மழையில் ஒரு பங்கு கனகராயன் ஆற்றோடு வடக்கே இரணைமடுவுக்குப் போகிறது, ஒரு பங்கு பாலி ஆற்றோடு வவுனிக்குளத்துக்கும் மேற்குக் கடலுக்கும், இன்னொரு பங்கு பேராற்றோடு கிழக்கே முத்தையன்கட்டுக்கும் நந்திக்கடலுக்கும். மூன்று பக்கமும் தண்ணீர் பிரிந்து போகிறதென்றால் நடுவில் ஏதோ ஒரு மேடு இருந்தே ஆக வேண்டும். பஸ் யன்னலால் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியாது, வெறும் பாலை, வீரை, முதிரை மரங்கள்தான்.

குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை பற்றிக் கேட்பீர்கள். இரண்டும் மலைதான், ஆனால் அவை வழிபாட்டு உரிமைக்காக மக்கள் போராடிக்கொண்டிருக்கிற இடங்கள், கும்பிடப் போனவர்களே தடைகளைச் சந்தித்திருக்கிறார்கள். உயரம் பார்க்கிற ஆசைக்கு அவை இடமல்ல. கும்பிடப் போவதென்றால் அந்த ஊர்க்காரரோடு போங்கள்.

சரி, போனை எடுப்போம். இங்கேதான் வன்னிக்காரருக்கு ஒரு விசேஷமான சிக்கல் வருகிறது. பூமியின் கடல்மட்டம் எல்லா இடத்திலும் ஒரே ஒழுங்கான உருண்டையாக இல்லை, ஈர்ப்பு குறைந்த இடத்தில் தாழ்ந்து கிடக்கும், பழைய மெத்தையில் விழுந்த குழி மாதிரி. உலகத்திலேயே மிக ஆழமான குழி நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது, கணக்குக்காக வரைந்த உருண்டையை விட 106 மீற்றர் அளவு கீழே. வட இலங்கையும் அந்தக் குழியின் சரிவில்தான் இருக்கிறது, இங்கே தாழ்வு ஏறத்தாழ 90 முதல் 100 மீற்றர். ஜிபிஎஸ் கணக்குப் போடுவது அந்த உருண்டையிலிருந்து. அதனால் திருத்தம் செய்யாத சில ஆண்ட்ராய்ட் ஆப்களை ஆனையிறவில் நின்று திறந்தால் கழித்தல் 90-ஐ ஒட்டிய எண் காட்டும். போன் பழுதில்லை, நீங்கள் கடலுக்கடியிலும் இல்லை. ஆப்பின் அமைப்புகளுக்குள் போய்ச் சராசரிக் கடல்மட்டத்தைத் தெரிவு செய்யுங்கள், அந்த வசதி இல்லாவிட்டால் வேறு ஆப் தேடுங்கள். ஐபோன் இந்தத் திருத்தத்தைத் தானே செய்துவிடும். செய்த பிறகும் மரத்தடியில் நின்றால் உயரம் பத்து மீற்றர் அங்குமிங்கும் ஆடும், ஜிபிஎஸ்ஸுக்கு அகலாங்கு, நெட்டாங்கை விட உயரம் எப்போதும் பலவீனம். கண்டியில் பத்து மீற்றர் ஒரு பொருட்டே அல்ல. இங்கே பத்து மீற்றர் என்றால் ஒரு மலையே போய்விட்டது.

காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் போனும் கைக்கடிகாரமும் இருக்கின்றன. அவை நுட்பமானவை, மாடிப்படி ஏறினால்கூடக் காட்டும். ஆனால் வெப்பவலயத்தில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் கடல் வற்றுப்பெருக்கு மாதிரி ஏறி இறங்குகிறது. காலை 10 மணி வாக்கில் உச்சத்துக்கு வந்து மாலை 4 மணிக்குள் ஏறத்தாழ மூன்று மில்லிபார் இறங்கிவிடும். ஒரு மில்லிபாருக்கு எட்டு, ஒன்பது மீற்றர் என்று வைத்தால், முறிகண்டியில் கச்சான் வாங்கிக்கொண்டு மர நிழலில் காலையிலிருந்து மாலை வரை சும்மா உட்கார்ந்திருப்பவரை அந்தக் கடிகாரம் 25 மீற்றர் மலை ஏற்றிவிடும். எங்கள் உச்சிகளில் பல அவ்வளவு உயரமே கிடையாது. அதனால் இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டுமென்றால் விறுவிறென்று போய்ப் பார்த்து, பத்து நிமிடத்துக்குள் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து, முதல் எண்ணே மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த அளவை விட்டுவிட வேண்டியதுதான்.

கணினியில் தேடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூகிள் ஏர்த்தில் விரலை வைத்தால் உயரம் வருகிறதே, அப்படியான எண்களுக்கு அடிப்படையாகப் பல இடங்களில் பயன்படுகிற தரவு 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் பதினொரு நாள் சுற்றி ராடாரால் எடுத்தது. கொப்பர்நிக்கஸ் என்ற பெயரில் கிடைக்கிற ஐரோப்பிய உயரத் தரவு 2011க்கும் 2015க்கும் நடுவே எடுத்தது. இரண்டிலும் ராடார் அலை அடர்ந்த காட்டின் அடி வரை முழுதாக இறங்காது, மரத்தலையிலும் கிளைகளிலும் பட்டுத் திரும்பும். ஆகவே நல்ல பாலைக்காடு ஒன்று படத்தில் குன்றாகத் தெரியும், பக்கத்து வயல் பள்ளத்தாக்காகத் தெரியும், நேரில் போனால் இரண்டும் ஒரே மட்டம். 2000ஆம் ஆண்டில் காடாக இருந்து பிறகு வெட்டி வெளியாக்கிய இடங்களில் அந்தப் பொய்க்குன்று இன்னும் தரவுக்குள் நின்றுகொண்டிருக்கும். வரைபடத்தில் குன்றின் விளிம்பு நேர்க்கோடாகவோ சதுரமாகவோ வந்தால் அது காட்டின் எல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை எனக்கு இதைவிட நம்பிக்கை. ஆனால் அதிலும் எங்கள் பக்கத் தாள்களில் சமவுயரக் கோடுகள் வெகு தூரத்துக்கு ஒன்று, இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு ஊரே அடங்கிவிடும்.

ஆகக் கருவிகள் ஓரளவுக்கு மேல் உதவாது. உதவுகிறவர் கமக்காரர். ஆனால் கேட்கிற விதம் இருக்கிறது. "இந்த ஊரில் உயரமான இடம் எது?" என்று கேட்டால் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கியைக் காட்டுவார், அல்லது சிரித்துவிட்டுப் போய்விடுவார். தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். "ஐயா, மாரியில உங்கட பக்கத்தில எந்தத் துண்டு கடைசியா நனையும்? எங்க தண்ணி ஏத்தக் கஷ்டம்?" இதற்கு யோசிக்காமல் பதில் வரும், கையும் ஒரே திசையில் நீளும். வாய்க்காலில் நாலு அங்குல வித்தியாசத்துக்காகப் பக்கத்து வரம்புக்காரரோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவருக்கு நிலத்தின் மட்டம் எந்தச் செய்மதியை விடவும் தெரியும். வயதான அம்மாமாரிடம் வேறு கேள்வி கேளுங்கள், "வெள்ளம் வந்தா மாட்டைக் கொண்டுபோய் எங்கையம்மா கட்டுறனீங்கள்?" 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியபோது எந்த வளவு தீவாக நின்றது என்று அவர்களுக்கு நினைவிருக்கும். பழைய கோயில் இருக்கிற இடம், முதன்முதலில் குடியேறியவர்களின் வளவு, சுடலை, இவையும் பெரும்பாலும் மேட்டில்தான் இருக்கும். இந்த மூன்றையும் வரைபடத்தில் குறித்தாலே உங்கள் வேட்பாளர்கள் கிடைத்துவிடுவார்கள்.

முடியுமானால் கார்த்திகை, மார்கழியில் ஒரு நல்ல மழை விட்ட பிறகு அந்த இடங்களைப் போய்ப் பாருங்கள். ஏறுவதற்கு அல்ல, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதற்கு. ஒழுங்கையில் நிற்கிற தண்ணீரில் ஒரு காய்ந்த இலையைப் போட்டால் போதும். இலை வடக்கே போன இடத்தையும் தெற்கே போன இடத்தையும் குறித்துக்கொண்டால், நடுவில் எங்கோ தண்ணீர் பிரிகிற முதுகு இருக்கிறது.

இப்போது இரண்டு மூன்று இடங்கள் மிஞ்சியிருக்கும், எல்லாமே ஒரே உயரம் மாதிரித் தெரியும். முடிவு சொல்ல மேசன்மார் அத்திவாரத்துக்கு மட்டம் பார்க்கிற தெளிவான பிளாஸ்டிக் குழாய் போதும். பன்னிரண்டு, பதினைந்து மீற்றர் நீளம் வாங்குங்கள், விரல் தடிப்பு. வாளியை ஒரு கதிரையில் வைத்து, குழாயின் ஒரு முனையை அமிழ்த்தி, மறுமுனையில் வாயால் மெதுவாக இழுத்து நிரப்ப வேண்டும், அவசரமாக இழுத்தால் குமிழி வரும். நிரம்பியதும் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் உள்ளே எங்கோ குமிழி மறைந்திருக்கிறது, குழாயைத் தட்டித் தட்டி அதை வெளியேற்றுங்கள். பிறகு ஒன்றரை மீற்றரில் இரண்டு தடி, அடியிலிருந்து சென்ரிமீற்றர் குறித்தது. ஒருவர் முதல் இடத்தில் தடியை நட்டுக் குழாய் முனையை அதோடு பிடிக்க, மற்றவர் குழாய் எட்டுகிற தூரம் போய் அப்படியே பிடிக்க, இருவரும் பெருவிரலை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஆடி அடங்கும் வரை காத்திருந்து எண்ணை வாசிக்க வேண்டும். உங்கள் தடியில் 60, அவர் தடியில் 52 என்றால் அவர் நிற்கிற நிலம் எட்டுச் சென்ரிமீற்றர் உயரம். எண் குறைந்தவர் உயர்ந்தவர், இதுதான் முதல் நாள் எல்லோரையும் குழப்பும். கொப்பியில் எழுதுங்கள், பின்னால் நிற்பவர் முன்னால் போகட்டும், இப்படித் தவளை பாய்ச்சலில் அடுத்த மேடு வரை போங்கள். நடக்கும்போது இரண்டு முனையையும் விரலால் அடைக்க மறக்காதீர்கள், தண்ணீர் சிந்தினால் திரும்ப நிரப்ப வேண்டும். வெயில் ஏறினால் குழாயின் ஒரு பாதி சூடாகி மட்டம் பிசகும், அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள். போன வழியே திரும்பி அளந்து வந்து தொடங்கிய இடத்தில் கணக்குப் பூச்சியத்துக்கு அருகில் முடிந்தால் உங்கள் அளவு நல்ல அளவு.

எதை உச்சி என்று எண்ணுவது? இதில் நான் கறார். குளக்கட்டு எண்ணப்படாது. இரணைமடுக் கட்டில் ஏறி நின்றால் கண்ணுக்கு அருமையாக இருக்கும், சும்மா நிற்கிறவருக்கு நாலரைக் கிலோமீற்றரில் முடிகிற தொடுவானம் பத்து மீற்றர் ஏறினால் பன்னிரண்டு கிலோமீற்றருக்குத் தள்ளிப்போகும், கட்டாயம் போய்ப் பாருங்கள், ஆனால் மண்ணை மனிதர் கொட்டியது. ரயில் பாதை மேடு, வீதி, மண் அணை, பங்கர் மண் எதுவும் சேராது. டென்மார்க்கில் இதே வழக்கு நடந்திருக்கிறது. அங்கே ஹிம்மெல்பியெர்கெட் என்ற 147 மீற்றர்க் குன்றைத்தான் நாட்டின் உச்சி என்று 1847 வரை நம்பியிருந்தார்கள், அந்தப் பெயருக்கே வான்மலை என்றுதான் பொருள். பிறகு யிடிங் ஸ்கோவ்ஹோய் என்ற இன்னொரு குன்று 172 மீற்றருக்கு மேல் என்று வந்தது. ஆனால் அதன் தலையில் இருப்பது வெண்கலக் காலத்து ஈமமேடு, அந்த மண்ணைக் கழித்தால் 170.77 மீற்றர். 2005இல் அளந்து பார்த்து, ஒரு பண்ணைக்குப் பக்கத்தில் கிடந்த மொல்லெஹோய் 170.86 மீற்றர், அதுவே நாட்டின் இயற்கையான உச்சி என்று தீர்ந்தது. ஒன்பது சென்ரிமீற்றர் வித்தியாசம்! அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து உச்சி 105 மீற்றர், அதற்குக் கல் நட்டு வைத்திருக்கிறார்கள், ஐம்பது மாநிலங்களின் உச்சிகளையும் ஏறி முடிக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் அங்கேயும் வந்துதான் ஆக வேண்டும். துவாலு நாட்டில் மொத்த உயரமே ஐந்து மீற்றருக்குள். ஆக நாம் தனியாக இல்லை.

கறையான் புற்று கொஞ்சம் சிக்கலானது. மனிதர் கட்டவில்லை, இயற்கைதான், ஒரு ஆள் உயரத்துக்கும் வளரும், வயல்வெளியில் அதுவே தூரத்திலிருந்து தெரியும் ஒரே மேடாகவும் இருக்கலாம். நான் எண்ணுவதில்லை, நிலத்தின் உயரத்தைத்தான் தேடுகிறோம். எண்ணுகிறவரோடு சண்டை பிடிக்கவும் மாட்டேன், ஆனால் அதன் மேல் ஏறக் கூடாது. உள்ளே பாம்பு இருக்கும், பல புற்றுகளுக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள்.

இதற்கு மேல் வருவதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். வன்னியில் உயரமான இடம் என்றால் போர்க்காலத்தில் இருபக்கமும் பிடிக்க நினைத்த இடம். கண்ணிவெடி அகற்றல் பெருமளவு முடிந்திருக்கிறது, முழுவதும் முடியவில்லை, முகமாலைப் பக்கம் நாட்டின் மிக மோசமான வெடிநிலங்களில் ஒன்றாக இருந்தது. ஆகவே மாடு மேய்க்கிறவரும் விறகுக்குப் போகிறவரும் நடக்கிற பாதையில் மட்டும் நடவுங்கள். உச்சி பாதையிலிருந்து இருபது அடி தள்ளி இருந்தாலும், அந்த இருபது அடியில் ஊர்க்காரர் யாரும் கால் வைத்ததில்லை என்றால் நீங்களும் வைக்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு முனைத் தடிகள், நாடா இவற்றைக் கண்டால் வந்த வழியே திரும்புங்கள். துருப்பிடித்த எதையும் காலாலும் தட்ட வேண்டாம், இடத்தைக் குறித்துக் கிராம அலுவலரிடமோ பொலிஸ் அவசர இலக்கமான 119இலோ சொல்லுங்கள். முகாம் இருக்கிற மேட்டையும் விட்டுவிடுங்கள், போன் கையில் வைத்துக்கொண்டு அங்கே அளக்கப் போனால் யாரும் விளையாட்டு என்று நம்ப மாட்டார்கள்.

யானை விடியவும் மாலையிலும் நடமாடும், ஆகவே வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு காட்டோரம் போங்கள், மாலை நாலு மணிக்குப் பிறகு அங்கே நிற்க வேண்டாம். யானை வேலிக் கம்பியில் கை வைக்காதீர்கள். செருப்பு வேண்டாம், சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் போடுங்கள், புடையன் காய்ந்த சருகின் நிறத்தில் கிடக்கும். காலம் என்றால் மாசி, பங்குனி நல்லது, மாரித் தண்ணீர் வடிந்திருக்கும், கோடை இன்னும் எரிக்கத் தொடங்கியிருக்காது. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். உயரம் குறைவு என்பதற்காக வெயில் குறையாது, மலையில் கிடைக்கிற குளிர் இங்கே எந்த உச்சியிலும் கிடையாது.

உச்சியில் நின்று படம் எடுத்தால் வெறும் தரை மாதிரித்தான் வரும். படம் எடுப்பவர் தண்ணீர் வடிகிற பக்கமாக ஐம்பது அடி இறங்கி, கமராவை நிலத்தோடு வைத்து எடுத்தால் நிற்பவரின் காலடி தொடுவானத்துக்கு மேலே தெரியும், சரிவு இருப்பது அப்போது புரியும். பிறகு கொப்பியில் இடம், திகதி, எப்படி அளந்தது, அடுத்த மேட்டை விட எத்தனை சென்ரிமீற்றர் உயரம் என்று எழுதி, ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுங்கள், வெள்ளக் காலத்தில் எந்த வளவு கடைசி வரை காய்ந்திருக்கும் என்று அவருக்கு அது சொல்லும். கொடியோ கல்லோ நட வேண்டாம். அது யாரோ ஒருவரின் மேட்டுக்காணி, வரும் ஆவணியில் உழவு மெசின் அந்த இடத்தால்தான் போகும்.